சுடாத கால்

கெடாவில் பால்மரம் நின்ற இடமெல்லாம் ஒரு முனி உட்கார்ந்திருக்கிறார். சுங்கை பட்டாணியிலிருந்து கூலிம்வரை, பீடோங்கிலிருந்து பாடாங் செராய்வரை, தோட்டம் முடிந்து காடு தொடங்கும் முனையில், ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில், ஓடைக்கரையில், ஒரு கல், ஒரு சூலம், சாயம் போன மஞ்சள் துணி, பாதி எரிந்த சுருட்டு. தோட்டம் செம்பனைக்கு மாறி, செம்பனை வீடமைப்புத் திட்டத்துக்கு மாறி, லயத்து வீடுகளின் சிமெண்டுத் தரைகூட மிஞ்சாத இடங்களிலும் தகரக் கொட்டகைக்குக் கீழே அவர் மட்டும் இருக்கிறார். புற்றுக்கும் ஆலமரத்துக்கும் பாறைக்கும் சாமி வைத்த சனம் இது. பூமிக்குள்ளிருந்து தானாகச் சூடேறி வரும் தண்ணீருக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை? பாலிங் மாவட்டத்து உலு லெகோங் வெந்நீர் ஊற்றைப் பற்றி நான் தோட்டத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி நடுவில் வந்து நிற்கும். முட்டிவலிக்கு நல்லது என்பார்கள், சொறிசிரங்குக்கு நல்லது என்பார்கள், இழுத்துக்கொண்ட நரம்பு விட்டுக் கொடுக்கும் என்பார்கள். சாமி என்று ஒருவரும் சொன்னதில்லை. கதைகூட இல்லை. ‘அது மலாய்க்காரங்க இடம்ப்பா, சுடுதண்ணி வருது, அவ்வளவுதான்’ என்று முடித்துவிடுவார்கள். அவ்வளவுதான் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் அபூர்வம் என்பதால் எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

இந்திய மண்ணில் சுடுநீர் வந்த இடங்களைப் பாருங்கள், ஒன்றும் சும்மா விடப்படவில்லை. இமாசலத்தின் பார்வதி பள்ளத்தாக்கில் மணிகரண். பார்வதியின் காதணி தண்ணீரில் விழுந்தது, சிவன் சினந்தார், ஆதிசேஷன் சீறிய சீற்றத்தில் தண்ணீர் கொதித்துப் பொங்கி மணிகள் மேலே வந்தன. அந்தக் கொதிநீரில் இன்றைக்கும் அரிசியைத் துணியில் முடிந்து இறக்கிச் சோறு வடிக்கிறார்கள்; பக்கத்திலேயே குருத்வாரா, அங்கும் அதே நீரில்தான் லங்கர் சமையல். மும்பைக்கு வடக்கே வஜ்ரேஸ்வரியில் சுடுநீரை அம்மன் வதைத்த அசுரர்களின் ரத்தம் என்கிறார்கள். வங்காளத்து வக்ரேஸ்வரில் எட்டுக் கோணலாய்ப் பிறந்த அஷ்டாவக்ர முனிவர் தவமிருந்தாராம். உடம்பு கோணியவர் சுடுநீரைத் தேடிப் போனார் என்ற அந்தக் கதை எனக்குப் பிடித்தமானது, வைத்தியத்துக்கு மிகப் பக்கத்தில் வருவதால். தமிழர்களுக்கென்று இருப்பது இலங்கையில், திருகோணமலைக்கு அருகே கன்னியா. சதுரம் சதுரமாய்க் கட்டிய 7 சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. அங்குள்ள கதையில் வைத்தியமே இல்லை. இராவணன் தன் தாய்க்காகக் கோணேசர் மலையிலிருந்து லிங்கத்தைப் பெயர்க்கப் போகிறான். திருமால் கிழ அந்தணராய் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள், கிரியை செய் என்கிறார். கிரியைக்குத் தண்ணீர் வேண்டுமே என்று அவரே தன் தடியைத் தரையில் 7 இடத்தில் ஊன்ற, ஏழு ஊற்று. அந்தத் தொடர்ச்சியில் இன்றும் பிதிர்க்கடன் தீர்க்க அங்கே போகிறார்கள். தமிழன் சுடுநீரைக் கண்டபோது அவனுக்கு நினைவு வந்தது நோயாளியின் மூட்டு அன்று, செத்துப்போன அம்மா. இதை எண்ணும்போது உலு லெகோங்கில் நம் கதை இல்லாதது இன்னும் விசித்திரமாகத் தெரிகிறது. கெடாத் தோட்டங்களில் செத்தவர்களுக்குக் குறைவில்லையே. மலேரியா கொண்டுபோனவர்களுக்குக் கணக்கு யார் வைத்தது?

கெடாவிலேயே மலாய்க்காரர்களிடம் ஒரு சுடுநீர்க் கதை இருக்கிறது, ஆனால் அது லங்காவியில். மாட் ராயா, மாட் சின்சாங் என்ற இரண்டு குடும்பத் தலைவர்கள் ஒரு கல்யாண விருந்தில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பானை உடைந்த இடம் ஓர் ஊர், குழம்பு கொட்டிய இடம் ஓர் ஊர், சுடுதண்ணீர் சிந்திய இடம் ஆயர் ஹங்காட். சண்டைக்காரர்கள் இருவரும் மலைகளாகிவிட்டார்கள். அங்கு வரும் நீர் உப்புக் கரிக்கும். சம்பந்திச் சண்டையில் பிறந்த ஊற்று என்பது எனக்கு ஆதிசேஷனைவிட நம்பும்படியாக இருக்கிறது. நிலவியல்காரர்கள் சொல்வதில் சண்டையும் இல்லை, பாம்பும் இல்லை, எரிமலைகூட இல்லை. தீபகற்ப மலேசியாவின் வெந்நீர் ஊற்றுகளுக்கு எரிமலையோடு தொடர்பில்லை. மலையில் பெய்த மழை கருங்கல்லின் வெடிப்புகள் வழியே கீழே கீழே இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 25, 30 பாகை சூடு கூடும். போதிய ஆழம் போய்ச் சூடேறிய நீர் ஏதோவொரு பிளவைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே வருகிறது. பாலிங்கை அடுத்துப் பேராக் எல்லைக்குள் பெங்காலான் உலுவிலும், எல்லை தாண்டித் தாய்லாந்தின் பெத்தோங்கிலும் சுடுநீர் உண்டு. ஆக, நாம் காலை நனைப்பது என்றைக்கோ பெய்த மழையில். மழை என்றதும் பாலிங்காரர்களுக்கு வேறொன்று நினைவு வரும். 2022 ஜூலை 4ஆம் நாள் இனாஸ் மலையில் கொட்டிய மழை மரமும் சேறுமாகக் கூப்பாங் பக்கத்துக் கம்பங்களுக்குள் புகுந்து 3 பேரைக் கொண்டுபோனது. மலையில் காடு அழித்து டுரியான் நட்டதைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள். இந்த மாவட்டத்துத் தண்ணீரை நோய் தீர்க்கும் தண்ணீர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட எனக்கு வாய் வராது.

நம் ஆட்கள் ஏன் அங்கே சாமி வைக்கவில்லை என்பதற்குச் சுலபமான விடை, அவர்கள் அங்கே போகவே இல்லை என்பதுதான். போக எங்கே நேரம்? விடியுமுன் பிரட்டு, பெயர் கூப்பிட்டதும் நிரைக்கு ஓட்டம். குளிர் இருக்கும்போதுதான் மரத்துக்குள் அழுத்தம் கூடிப் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் வடிவது குறையும் என்பதால் மரத்தின் உடம்புக்கு ஏற்ப மனிதனின் உடம்பை எழுப்பினார்கள். நூற்றுக்கணக்கான மரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குனிவு. வெட்டுப் பட்டை கீழே இறங்க இறங்க அந்தக் குனிவு குந்தலாக மாறும். பிறகு மங்கு மங்காய்ப் பால் சேர்த்து, காண்டாவில் இரண்டு பக்கமும் வாளி தொங்க, தோள்பட்டை இறங்க, ஸ்டோருக்கு நடை. இருபது வருடம் இதைச் செய்தவரின் முட்டி எப்படியிருக்கும் என்று கேட்க மருத்துவப் படிப்பு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையிலும் தோட்டத்தைவிட்டு வெளியே போவது சும்மா நடக்கும் காரியமில்லை. அதற்குமேல் 1948இலிருந்து 1960வரை அவசரகாலம். பாலிங் எல்லைப்புறம், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், சாலையில் சோதனைச் சாவடி. 1955 டிசம்பர் 28, 29ஆம் நாட்களில் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கும் நேருக்கு நேர் பேசியது இதே பாலிங்கின் பள்ளிக்கூடத்தில்தான். பேச்சு முறிந்தது, சின் பெங் காட்டுக்குத் திரும்பினார். அந்த ஆண்டுகளில் முட்டிவலிக்கு ஊற்றைத் தேடிக் காட்டோரம் போகிறேன் என்று ஒரு தோட்டத் தொழிலாளி சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? காட்டோரம் போன சோற்றுப் பொட்டலத்தைக்கூடச் சந்தேகப்பட்ட காலம். கதை உண்டாக இடத்தில் புழங்க வேண்டும். பக்கத்தில் குடியிருப்பதால் மட்டும் கதை வராது.

ஆனால் இந்த விடை எனக்கு முழுதாய்ப் போதவில்லை. அவர்களுக்குச் சுடுநீர் தேவைப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேவைப்பட்டது, வீட்டிலேயே காய்ச்சிக்கொண்டார்கள். லயத்துக்குப் பின்னால் மூன்று கல், அதன்மேல் கரி பிடித்த மண்ணெண்ணெய் டின். பால்மர விறகு, ஈரம் காயாதது. தீ பிடிக்க ஒட்டுப்பாலில் ஒரு துண்டு கிள்ளி நடுவில் வைத்தால் போதும், கறுப்புப் புகையோடு குப்பென்று பற்றும். அந்தப் புகையின் நாற்றம் தலைமுடியிலும் துவைத்த துணியிலும் தங்கும். தோட்டத்தில் வளர்ந்தவனுக்குக் குளிக்கிற வெந்நீரின் வாசனை என்றால் இன்றும் எரிந்த ரப்பர்தான். பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் வேப்பிலையும் போட்டு ஆவி பறக்கப் பறக்க இடுப்பில் ஊற்றுவார்கள். அவள் ‘போதும்த்தே’ என்று பல்லைக் கடிக்க, ஊற்றுகிறவள் ‘இன்னும் ஒரு சொம்பு, பொறுத்துக்க’ என்பாள். சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் வேது உண்டு, ஒற்றடம் உண்டு, தொக்கணம் உண்டு; பெயர் தெரியாமலே இந்த மூன்றையும் லயத்துப் பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் அளவு இருந்தது என்பதுதான் முக்கியம். தண்ணீரை ஊற்றுமுன் தன் புறங்கையில் ஒரு துளி விட்டுப் பார்ப்பாள். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரின் ஆஸ்பத்திரியில் அந்தக் கை இல்லை. பிரட்டுக் களத்தில் வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிக் குயினைன் கொடுத்த காலத்திலிருந்து தோட்டத்து மருத்துவத்தின் நோக்கம் ஆள் நாளைக்கு வேலைக்கு வர வேண்டும் என்பதோடு நின்றுகொண்டது. அதைக் குறையாகச் சொல்கிறேனா என்றால், குயினைன் உயிர் காத்தது. குறை அங்கே இல்லை.

வலியை அடக்க இன்னொன்று இருந்தது, தோட்டத்துக்குள்ளேயே, உரிமம் பெற்று. கள்ளுக்கடை. இதைப் பற்றி ஒழுக்கம் பேசுகிறவர்கள் நிறையப் பேசியாயிற்று. 1946இலும் 1947இலும் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் கிளம்பிய தொண்டர் படை தென்கெடா முழுக்கக் கள்ளுக்கடை வாசலில் நின்று ஆட்களைத் திருப்பியனுப்பியது. பீடோங்கில் போலீசோடு மோதல், டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. கள்ளை நிறுத்தச் சொன்னவர்களை அரசு சுட்டது என்பது இந்த நாட்டுத் தமிழர் வரலாற்றில் நாம் அடிக்கடி நினைவூட்டிக்கொள்ள வேண்டிய ஒன்று. குடித்து மயங்கிக் கிடக்கும் உடம்பு எவருக்கும் தொல்லையில்லை, நிமிர்ந்து நிற்கும் உடம்பு தொல்லை. ஆனால் தொண்டர் படையின் தியாகத்தை மதிக்கும்போதே எனக்கு ஓர் ஐயமும் உண்டு. கள்ளைப் பிடுங்கிவிட்டு அந்தத் தோள்பட்டைக்கு என்ன கொடுப்பது? குடித்தவன் சந்தோஷத்துக்கு மட்டும் குடிக்கவில்லை, மறுநாள் காண்டா தூக்கவும் குடித்தான். வலியைத் தெரியாமல் ஆக்குவது வேறு, வலியின் காரணத்தைத் தீர்ப்பது வேறு என்று சொல்வது எளிது. தீர்ப்பதற்கு வழியில்லாதவனுக்குத் தெரியாமல் ஆக்குவதே வைத்தியம். கோடாலித் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு படுத்த தலைமுறை அது. இன்று அதன் மிச்சமாய் இருக்கும் எழுபது, எழுபத்தைந்து வயதுக்காரர்களைத்தான் பிள்ளைகள் காரில் ஏற்றிக்கொண்டு உலு லெகோங்குக்கு வருகிறார்கள். நூறாண்டு தாமதமாக நாம் ஊற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

அங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. சூடு கூடியது குறைந்தது என்று தொட்டிகள், சுற்றிப் படிகள், மெல்லிய அழுகிய முட்டை வாடை. மூக்கு சிறிது நேரத்தில் அதை மறந்துவிடும். மலையின் பச்சை மேலே இருக்கிறது, ஆனால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, எல்லோர் கண்ணும் தங்கள் முழங்காலில். மலாய்க் கிழவர்கள் சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பினாங்கிலிருந்து வேன் பிடித்து வந்த சீனக் குடும்பங்கள் துவாலையைத் தலையில் போட்டுக்கொண்டு. நம்மவர்கள் கொஞ்சம் தள்ளி, முதலில் தயங்கி, பிறகு சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகிக்கொண்டு. மலாய்க் கிழவர்களில் பலரும் ரப்பர் வெட்டியவர்களே என்பது பேச்சுக் கொடுத்தால் தெரியும். அவர்களுடையது சொந்தத் துண்டு நிலம், நம்முடையது துரையின் நிலம். 1974 நவம்பரில் ரப்பர் விலை விழுந்து அரிசி விலை ஏறியபோது பாலிங்கில் திரண்டு நின்றவர்கள் இந்தச் சிறுதோட்டக்காரர்கள்தான். அதன் எதிரொலியாய் டிசம்பரில் கோலாலம்பூரில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரே மரத்துக்கு முன் குனிந்து ஒரே இடத்தில் தேய்ந்த முட்டிகள், ஒரே தொட்டியில். இதைச் சமூக ஒற்றுமை என்று தலைப்புப் போட்டு எழுத ஆசை வரும். அப்படியெல்லாம் இல்லை, அவரவர் வலியோடு அவரவர் இருக்கிறார்கள். இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள், சூடு எப்படி என்று கண்ணால் கேட்டுக்கொள்வார்கள். அந்த அளவுக்கு உண்மை.

அங்கே ஒரு முறை பார்த்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சூடு அதிகமான தொட்டியின் ஓரத்தில் ஓர் அம்மா, தோட்டத்து ஆள் என்று விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. உளி பிடித்த ஆள்காட்டி விரலின் ஓரம் தழும்பேறி, நகத்தடியில் பாலின் கறுப்பு நிரந்தரமாய்த் தங்கியிருந்தது. இரண்டு காலும் கணுக்காலுக்கு மேல்வரை தண்ணீருக்குள். மற்றவர்கள் அந்தத் தொட்டியில் காலை வைத்து, இழுத்து, மறுபடி வைத்து, முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மா மட்டும் நிம்மதியாய் உட்கார்ந்து மகனிடம் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார். ‘சுடலையாம்மா?’ என்று மகன் கேட்டான். ‘ஒன்னும் சுடலப்பா, எதமா இருக்கு.’ எதிரில் இருந்த மலாய்ப் பெரியவர் சற்று நேரம் தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு திடீரென்று கையை ஆட்டி, ‘அச்சி, அச்சி, காக்கி டா மேரா!’ என்றார். கால் சிவந்துபோய்விட்டது என்று. மகன் பதறிக் காலைத் தூக்கினான். கணுக்காலுக்கு மேல்வரை முழுக்க ஒரே சிவப்பு, கோடு போட்ட மாதிரி மேலே அந்தச் சிவப்பு முடிந்து சாதாரணத் தோல் தொடங்கியது. இடது சுண்டுவிரலுக்கு அருகில் தோல் ஏற்கெனவே வெண்மையாய் உப்பியிருந்தது. அம்மா அதைக் குனிந்து பார்த்தார், தன்னுடைய கால் என்று தோன்றாதவர் போல. ‘சுகர் எத்தனை வருஷமா?’ என்று யாரோ கேட்டார்கள். ‘அது கெடக்கு பதினஞ்சு இருவது வருஷமா’ என்றார், வீட்டில் ஓர் ஓரமாய்க் கிடக்கும் சாமானைச் சொல்வதைப் போல.

சர்க்கரை நரம்பைத் தின்னும்போது நீளமான நரம்புகளிலிருந்து தொடங்கும். அதனால்தான் முதலில் பாதம். எரிச்சல், ஊசி குத்தல், பிறகு மதமதப்பு, கடைசியில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத கட்டத்தைத் தேறிவிட்டதாக எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு; எரிச்சல் நின்றுவிட்டதல்லவா. 50 பாகையை ஒட்டிய தண்ணீரில் தோல் வேகச் சில நிமிடம் போதும். நரம்பு சரியாக இருப்பவன் அந்தச் சில நிமிடம் உள்ளே இருக்கவே மாட்டான், உடம்பு அவனைக் கேட்காமலே காலை இழுத்துக்கொள்ளும். நரம்பு போனவனுக்கு இழுக்க ஆளில்லை. வெந்த இடம் ஆறுவதற்கு ரத்த ஓட்டமும் குறைவு. கொப்புளம் புண்ணாகி, புண் உள்ளே போய், விரலில் தொடங்கி முழங்கால்வரை எடுத்தவர்களை நம் கல்யாண வீடுகளில் எண்ணிப் பாருங்கள். 2019இன் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியாவின் வயதுவந்தோரில் நீரிழிவுள்ளவர் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் 31.4. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். நாம் சுடுநீர்த் தொட்டிக்குள் இறக்கும் பாட்டிமாரில் எத்தனை பேருக்குச் சூடு தெரியும்?

இங்கே எனக்கு மாரியம்மன் நினைவுக்கு வருகிறாள். தோட்டக் கோயில் திருவிழாவில் பூக்குழி இறங்கியவர் பாலில் கால் வைத்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, சுட்டதா? சுடவில்லை என்பது அவளுடைய கருணைக்குச் சாட்சி. தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சாட்சியைப் பார்த்து மெய்சிலிர்த்த நாள் ஒன்று இருக்கும். எனக்கும் உண்டு, அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் நூறாண்டாய்ச் சுடாத காலைப் புண்ணியமாகக் கண்டு பழகிய சனத்துக்குள் சுடாத கால் நோயாக வந்து சேர்ந்திருக்கிறது. எப்படி வேறுபடுத்துவது? பூக்குழிக்குக் காப்புக் கட்டி விரதமிருக்கும் ஐம்பது வயதுக்காரர், போன வருடத்தைவிட இந்த வருடம் சூடே தெரியவில்லை, அம்மா கூடவே இருந்தாள் என்று சொல்லும்போது, கேட்கிறவன் கும்பிடுவதா, அவர் காலை ஊசியால் தொட்டுப் பார்க்கச் சொல்வதா? நான் கோயில் கமிட்டிக்காரர் ஒருவரிடம் இதை மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ரெண்டும் செய்யணும்தான் சார், ஆனா எதை மொதல்ல செய்யறது என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை. வலியை ஊழ்வினை என்றோ சோதனை என்றோ ஏற்றுக்கொள்ள நம்மிடம் ஏராளமான சொற்கள் உண்டு. வலி இல்லாமல் போவதைக் கண்டு பயப்பட ஒரு பழமொழிகூட நினைவுக்கு வரவில்லை. கள்ளும் தைலமும் வெந்நீரும் வலியை மறக்கடித்த நாளிலெல்லாம் வலி எங்கோ பத்திரமாய் இருந்தது. மறுநாள் திரும்பி வந்து உடம்பின் கணக்கைச் சொன்னது. இப்போது கணக்குச் சொல்லும் ஆளே போய்விட்டான்.

அப்படியானால் ஊற்றில் பலனே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் இடத்தில் இல்லை. கந்தகம் தோலின் மேல் செதிலை இளக்கும் என்பதும் சொறிக்குக் கந்தகக் களிம்பு பூசுவதும் மருத்துவம் ஒப்புக்கொண்டவை. மூட்டு விஷயத்தில் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2015இல் முடக்குவாதத்துக்கான நீர்க்குளியல் சோதனைகளைச் சலித்துப் பார்த்து, உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று நிறுத்திக்கொண்டது. கனிமம் தோல் வழியே மூட்டுக்குள் போய்ச் சேர்கிறது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் கழுத்தளவு நீரில் நிற்கும் உடம்பு தன் எடையில் பத்தில் ஒரு பங்கைத்தான் கால்மேல் வைக்கிறது. மிதமான சூட்டில் ரத்தக்குழாய் விரிகிறது, இறுகிய தசை தளர்கிறது. ஆயுள் முழுக்கத் தன் எடையோடு பால் வாளியின் எடையையும் சுமந்த முட்டிக்கு அரைமணி நேரம் ஒன்றும் சுமக்காமல் இருப்பது என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சாயங்காலம் அது தீர்ந்துவிடும். தீரட்டும். நிரையில் நின்ற காலத்தில் அந்த அரைமணிகூடக் கிடைக்கவில்லையே.

கதை இல்லாதது பற்றிய என் உறுத்தலும் மெல்ல இடம் மாறியிருக்கிறது. கன்னியாவில் கதை இருந்தது. அதனாலேயே அங்கே வழக்கும் வந்தது. பிள்ளையார் கோயில் இருந்த மேட்டைப் பௌத்த தாதுகோபுர மேடு என்று தொல்லியல் துறை சொல்ல, 2019இல் தமிழர்கள் திரண்டு போராட, நீதிமன்றம்வரை போயிற்று. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த தண்ணீர் யாருடையது என்ற கேள்விக்குப் போலீஸ் காவல் வேண்டியிருந்தது. இந்த நாட்டிலும் தோட்டம் கைமாறும்போது முனியின் தகரக் கொட்டகைக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் அறிவோம். உலு லெகோங்கில் நாம் ஒரு சூலத்தை நட்டிருந்தால், அந்த மலாய்ப் பெரியவர் எதிர்ப்படியில் உட்கார்ந்து ஒரு தமிழ் அம்மாவின் காலைக் கவனித்துக்கொண்டிருந்திருப்பாரா? தெரியாது. நடாமல் போனது நேரமின்மையால்தான், ஞானத்தால் இல்லை; என்றாலும் நடாததே நல்லது என்ற முடிவுக்குத்தான் வந்திருக்கிறேன்.

இந்த விடுமுறையில் அம்மாவையோ அத்தையையோ பாட்டியையோ ஊற்றுக்கு அழைத்துப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை இருந்தால் சூடு அதிகமான தொட்டிப் பக்கம் போகவே வேண்டாம். காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் எந்தத் தொட்டியிலும் இறக்காதீர்கள். மிதமான நீராக இருந்தாலும் முதலில் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். அவர்கள் சுடவில்லை என்று சொல்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காலை வெளியே எடுத்து, உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் மறுநாள் காலையிலும் ஒரு தடவை.